அத்தியாயம் 7: பராமரிப்பை இப்போதே ஒழுங்கு செய்தல் – வீடு, பகல் நிலையம், இல்லம்

சாம்பல்தீவில் ஒரு பிள்ளை நடக்கவோ பேசவோ பிந்தினால் முதலில் கோயிலில் நேர்த்தி வைப்பார்கள். பிறகு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை, அதன் பின் கொழும்பு. ஓட்டிசம், டவுண் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவாற்றல் குறைபாடு என்று ஏதோ ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, இனி என்ன செய்வது என்று வழி சொல்ல ஆள் கிடைப்பது அரிது. இந்த அத்தியாயம் அந்த இடத்தில் தொடங்குகிறது. பிள்ளை என்று எழுதும்போதெல்லாம் நாற்பது வயதானவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெற்றோரின் மனதில் இரவும் பகலும் ஓடும் கேள்வி ஒன்றுதான்: நாங்கள் போன பிறகு இவனை யார் பார்ப்பது? இதற்கு விடை தேட வேண்டிய காலம், உங்கள் கைகால் பலமாக இருக்கும் இந்தக் காலம். தாய் வைத்தியசாலையில் விழுந்து கிடக்கும் கிழமையில் அவசரமாகத் தேடும் இல்லம் பெரும்பாலும் பொருந்தாத இல்லமாகவே அமைகிறது. ஆகவே இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் தாள்கள், பிறகு வீட்டுப் பாதுகாப்பு, பகல் சேவை, பராமரிப்புக் கொப்பி, இன்னொருவர் கையில் பழக்குதல். இல்லம் எல்லாவற்றுக்கும் கடைசி.

தாள்களைச் சேர்த்தல்

1. பிறப்புச் சான்றிதழ். இடப்பெயர்விலோ 2004 சுனாமியிலோ தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இது இல்லாமல் அடுத்த எந்தப் படியும் நகராது.

2. மருத்துவ அறிக்கை. அரச வைத்தியசாலையின் நிபுணரிடம், குறைபாட்டின் பெயரும் அது தொடங்கிய வயதும் எழுத்தில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். சிறு பிள்ளையானால் குடும்ப நல உத்தியோகத்தர் தந்த பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் பத்திரமாக வையுங்கள். வளர்ச்சி எந்த மாதத்தில் பிந்தத் தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

3. தேசிய அடையாள அட்டை. 15 வயது முடிந்ததும் எடுக்கலாம். “இவனுக்கு எதற்கு?” என்று விட்டுவிடும் குடும்பங்கள் அதிகம். வங்கிக் கணக்குக்கும் கொடுப்பனவுக்கும் அது கட்டாயம் தேவைப்படும்.

4. மாதாந்தக் கொடுப்பனவு. கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டு, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். 2025 வரவுசெலவுத் திட்டம் மாற்றுத்திறனாளிகளின் கொடுப்பனவை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தியது. விண்ணப்பத்தைக் கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் குறித்து வையுங்கள்.

5. அரச உத்தியோகத்தரின் பிள்ளையா? விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் சாதாரணமாகப் பிள்ளைக்கு 26 வயதானதும் நின்றுவிடும். வாழ்நாள் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதற்குப் பின்னும் கிடைக்க வழி இருக்கிறது. குறைபாடு 26 வயதுக்கு முன்பே இருந்தது என்று மருத்துவ ஆதாரம் காட்ட வேண்டும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதியக் கோப்பில் பிள்ளையின் நிலையைப் பதியச் செய்யுங்கள். இதைத் தவறவிட்ட குடும்பங்கள் பிறகு ஆதாரம் தேடி ஆண்டுக்கணக்கில் அலைகின்றன.

குறிப்பு: எல்லாத் தாள்களின் பிரதிகளையும் இரண்டு பொலித்தீன் உறைகளில் போடுங்கள். ஒன்று வீட்டில், மற்றது மேட்டுப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டில்.

வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் ஆபத்தைக் குறைத்தல்

சாம்பல்தீவுக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. நடுவில் நிலாவெளிப் பக்கம் பஸ்களும் வான்களும் விரைந்து ஓடும் வீதி. பேச்சில்லாத, ஆனால் ஓடக்கூடிய பிள்ளைக்கு இந்த மூன்றும் உயிராபத்து. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு நீரைக் கண்டால் அடங்காத ஈர்ப்பு. வீட்டைவிட்டு வெளியேறினால் நேரே தண்ணீருக்குத்தான் போவார்கள். இதை அறியாத குடும்பம் பிள்ளையைத் தேடி முதலில் கடைக்கும் மாமி வீட்டுக்கும் ஓடுகிறது.

காணாமற்போனால் செய்ய வேண்டியவை இந்த வரிசையில்:

1. முதலில் கிணறு. அடுத்து களப்பு, கடற்கரை, வாய்க்கால். வீதியும் உறவினர் வீடுகளும் அதன் பிறகு.
2. ஒருவர் வீட்டிலேயே நிற்க வேண்டும். பிள்ளை தானாகத் திரும்பி வந்துவிடலாம்.
3. கரைவலைக்காரருக்கும் வாடிகளில் இருப்பவருக்கும் உடனே சொல்லுங்கள். கரையில் எந்நேரமும் கண் வைத்திருப்பவர்கள் அவர்கள்.
4. பொலிசுக்கு 119. “கொஞ்சம் பார்ப்போம்” என்று காத்திருக்க வேண்டாம்.

இது நேராமல் தடுக்க: கிணற்றுக் கட்டை இடுப்புக்கு மேல் உயர்த்தி, கம்பி வலை மூடி போட்டுப் பூட்டுங்கள். படலைக்குப் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் ஒரு கொளுக்கியும், திறந்தால் சத்தம் வர ஒரு மணியும் போதும். அறைக்குள் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. தீப்பிடித்தால் வெளியேற வழியில்லை. நாள் முழுவதும் பூட்டிக் கிடக்கும் பிள்ளை திறந்த கணத்தில் இன்னும் வேகமாக ஓடும். பிள்ளையின் சட்டைக்குள் தொலைபேசி இலக்கத்தைத் தைத்து வையுங்கள். அலை அடங்கிய காலத்தில், நீந்தத் தெரிந்த ஒருவரோடு நீரில் மிதக்கப் பழக்குங்கள். கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைக்கு வேறு எந்தப் பயிற்சியையும் விட இது முந்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது வலிப்பு. வளர்ச்சிக் குறைபாட்டோடு வலிப்பும் சேர்ந்து வருவது சாதாரணம்.

1. நேரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடம் என்பதே வைத்தியர் முதலில் கேட்பது.
2. அருகிலுள்ள கூரான பொருட்களை அகற்றி, தலைக்குக் கீழே துணியை வையுங்கள்.
3. கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டாம். கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் வலிப்பு நிற்காது. அந்த நேரத்தில் கை காயப்படுவதுதான் மிச்சம்.
4. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வழிவதைத் துடையுங்கள்.
5. 5 நிமிடத்தைத் தாண்டினால், உணர்வு திரும்புமுன் மீண்டும் வந்தால், அல்லது நீருக்குள் வந்தால் 1990 அம்பியூலன்சை அழையுங்கள். சேவை இலவசம்.

வலிப்புக் குளிசையை “இப்ப வாறதில்லைதானே” என்று திடீரென நிறுத்துவது மிகப் பெரிய பிழை. வைத்தியர் சொல்லாமல் ஒரு வேளைகூட விட வேண்டாம். மாரி காலத்தில், வெள்ளம் வீதியை மறிக்குமுன், கிளினிக்கில் சொல்லி இரண்டு கிழமைக்குக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

உணவு ஊட்டும்போது பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போகும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு உதிர்ந்த புட்டு, முள்ளுள்ள மீன், கடலை ஆகியவை ஆபத்தானவை. குழைத்த சோறு, கட்டியான கஞ்சி, மசித்த கிழங்கு நல்லவை. சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். அடிக்கடி நெஞ்சுச்சளி வந்தால் விழுங்குவதில் கோளாறு இருக்கலாம் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பகல் சேவை

பிள்ளை பகலில் வெளியே போய்வருவது குடும்பத்துக்கு மூச்சுவிட நேரம் தருகிறது. அதைவிட, அம்மா இல்லாமலும் நேரம் போகும் என்று பிள்ளை பழகிக்கொள்கிறது. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கமே அடித்தளம்.

அரச பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகள் உள்ளன. வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தித்து, பயிற்சி பெற்ற ஆசிரியர் தற்போது இருக்கும் பாடசாலை எது என்று கேளுங்கள். பலகையில் பெயர் மட்டும் இருந்து ஆசிரியர் மாற்றலாகிப் போன அலகில் சேர்த்துப் பயனில்லை. அதிபர் சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கிறது. எழுத்தில் கேட்டதுமே பேச்சு மாறுவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

பாடசாலை வயது முடிந்த பிறகு வரும் வெற்றிடமே கடினமானது. சமூக சேவைகள் திணைக்களம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. சீதுவையில் உள்ளது பெயர் பெற்றது. ஆனால் எல்லோரையும் அவ்வளவு தூரம் அனுப்ப இயலாது. ஊரிலேயே ஒரு வேலை தேடுங்கள்: வெங்காயம் தரம் பிரித்தல், நாற்று மேடைக்குத் தண்ணீர் ஊற்றுதல், கோழிக்கு இரை வைத்தல், கடையில் பொதி கட்டுதல். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், கையில் சிறிது காசு. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இயங்கும் சிவபூமி பாடசாலை, மட்டக்களப்பின் ஓசானம் இல்லம் போன்ற இடங்களுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். தமிழில் பேசும் ஆசிரியர்கள் ஒரு நாளை எப்படி அடுக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால், அதில் பாதியை வீட்டிலேயே செய்யலாம்.

பராமரிப்புக் கொப்பி

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். தாயின் தலைக்குள் இருக்கும் அறிவு தாயோடு போய்விடக்கூடாது. எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் எழுதத் தொடங்குங்கள். எழுதச் சிரமமானால் அக்காவோ தம்பியோ கேட்டு எழுதட்டும்.

1. முதற்பக்கம்: பெயர், பிறந்த திகதி, நோயின் பெயர், ஒவ்வாமை, குளிசைகளின் பெயர், அளவு, நேரம். குளிசையை எப்படிக் கொடுப்பது என்பதும் வேண்டும்: வாழைப்பழத்தில் வைத்தா, தேனில் கரைத்தா?

2. வலியை எப்படிக் காட்டும்? இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் உயிரைக் காப்பது இதுதான். பல்வலி வந்தால் ஒரு பிள்ளை காதில் அடித்துக்கொள்ளும். வயிறு கட்டினால் இன்னொன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும். அறியாதவர் இதைக் குழப்படி என்று எண்ணி அடிப்பார், அல்லது தூக்கக் குளிசை கேட்பார்.

3. மலசலம்: எத்தனை மணிக்கு, என்ன சைகை, எவ்வளவு உதவி. பெண் பிள்ளையானால் மாதவிடாய் ஒழுங்கு.

4. பயங்கள்: பட்டாசு, மிக்சி, நாய், திருவிழா ஒலிபெருக்கி. அடங்க வைப்பது எது: அம்மம்மாவின் பழைய சேலைத் துணியா, ஊஞ்சலா, இருட்டறையா?

5. சொற்கள்: பிள்ளை சொல்லும் “ம்மூ” தண்ணீரா, பாலா? பேசாத பிள்ளையின் சைகைகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, எண்ணிட்டு, கொப்பியில் அந்த எண்ணைக் குறியுங்கள்.

6. ஒரு நாள்: எழும்புவது முதல் படுப்பது வரை, மணிப்படி.

7. பிடித்தவை: எந்தப் பாட்டு, எந்தக் கறி, யாருடைய வருகை. இந்தப் பக்கம் நீளமாக இருக்கட்டும். மற்றப் பக்கங்கள் பிள்ளையை உயிரோடு வைத்திருக்கும். மனிதராக நடத்தச் செய்வது இந்தப் பக்கம்.

தைப்பொங்கலுக்கு ஒரு முறை, சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு முறை என்று நாள் குறித்துத் திருத்துங்கள். பழைய குளிசை அளவுள்ள கொப்பி, கொப்பி இல்லாததைவிட ஆபத்தானது.

இன்னொருவர் கையில் பழக்குதல்

1. முதலில் ஒரு மணி நேரம். மாமியோ அண்ணியோ உங்கள் வீட்டிலேயே வந்து கொப்பியைப் பார்த்துப் பராமரிக்கட்டும். நீங்கள் வளவில் இருங்கள்.
2. அடுத்து அரை நாள், நீங்கள் நகருக்குப் போய்வரும் அளவு.
3. பிறகு ஓர் இரவு அவர்கள் வீட்டில். தலையணை, போர்வை, கிண்ணம் எல்லாம் வீட்டிலிருந்து.
4. பிள்ளை பழகியபின், ஒரு கிழமை.

வழக்கமான பிழை: அழும்போது தாய் இடையில் ஓடிவருவது. ஒரு முறை வந்தால், அழுதால் அம்மா வருவார் என்று பிள்ளை படித்துவிடும். நேரத்தைக் குறையுங்கள், ஆனால் சொன்ன நேரத்தில்தான் திரும்புங்கள். இன்னொரு பிழை, எல்லாவற்றையும் மூத்த அக்காவின் தலையில் வைத்து அவளுடைய கல்யாணத்தையும் தொழிலையும் நிறுத்துவது. அவளிடம் கேளுங்கள். மறுக்கவும் அவளுக்கு உரிமை வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் காசு அனுப்புவார்கள். அது பெரிய உதவி, சந்தேகமில்லை. அதோடு கிழமைக்கு ஒரு முறை காணொளி அழைப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாளை இல்லத்தில் இருந்தாலும் அந்த அழைப்பு தொடர வேண்டும்.

இல்லம் தேடுவதானால்

2019 இல் வந்த, பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கை, இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. இலங்கை 2016 இல் உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம், சமூகத்தின் நடுவே வாழும் உரிமையைச் சொல்கிறது. ஆயினும் பெற்றோர் இருவரும் நோயாளிகளாகி, பார்க்க உறவும் இல்லாத நிலையில், நல்ல இல்லம் ஒன்றைத் தேடுவது கைவிடுதல் ஆகாது. ஊரார் சொல்லுக்குப் பயந்து, பிள்ளையை இருட்டறையில் வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பார்க்கும் ஒழுங்கு:

1. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் இல்லங்களுக்கு மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் பொறுப்பு. வளர்ந்தவர்களுக்கான இல்லம் பற்றிச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். காட்டத் தயங்கினால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

2. முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், பின்னேரச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள்.

3. அலுவலக அறையில் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு, மலசலகூடத்தைப் பாருங்கள். ஈரமும் நாற்றமும் பொய் சொல்லாது. பிறகு அங்கே இருப்பவர்களின் கால் நகம், பல், உதடு. ஒவ்வொருவருக்கும் தனிப் பற்தூரிகையும் தன் சொந்த உடுப்பும் உண்டா, அல்லது கையில் கிடைத்ததை மாட்டிவிடுகிறார்களா?

4. இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? பெண்கள் பகுதியில் இரவுக்கடமை பெண்ணா? இதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பெண் பிள்ளையைச் சேர்க்கவே வேண்டாம்.

5. பகல் பத்து மணிக்கு எல்லோரும் தூங்கி வழிகிறார்களா? ஆள் போதாத இடங்களில் மருந்தால் அடக்கி வைப்பது நடக்கிறது. யார் எழுதிய மருந்து, கடைசியாக எப்போது வைத்தியர் பார்த்தார் என்று மருந்துப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

6. கட்டி வைத்த தழும்பு மணிக்கட்டிலோ கணுக்காலிலோ தெரிகிறதா?

7. எந்த நேரமும் உறவினர் வரலாமா? “முதல் மூன்று மாதம் வரக்கூடாது, பிள்ளை பழகட்டும்” என்று சொல்லும் இடத்தை நம்ப வேண்டாம்.

8. பிள்ளையோடு தமிழில் பேசுவார்களா? தென்னிலங்கை இல்லமானால் இதை முதலில் கேளுங்கள். பேச்சு குறைந்த பிள்ளையிடமிருந்து அதற்குத் தெரிந்த பத்துச் சொல்லையும் பறித்துவிடக்கூடாது.

புதிய கட்டடம், பளிங்குத் தரை, நன்கொடையாளர் பெயர்ப் பலகைகள் இவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய ஓட்டுக் கூரையின் கீழ், பராமரிப்பவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் இல்லம் அதைவிடச் சிறந்தது. வீட்டுக்கு அருகில் இருப்பதும் பெரிய தகுதி. மாதம் ஒரு முறை பஸ்ஸில் போய்ப் பார்க்க முடியாத தூரம் என்றால், எவ்வளவு நல்ல பெயர் கேட்டாலும் யோசியுங்கள்.

சேர்க்கும்போது ஒரேயடியாக விட்டுவிட்டு வராதீர்கள். முன்பு சொன்ன படிகளே இங்கும்: ஒரு பகல், ஓர் இரவு, ஒரு வார இறுதி. கொப்பியின் பிரதியைக் கொடுத்து, பராமரிப்பவரோடு இருந்து பக்கம் பக்கமாக வாசியுங்கள். திரும்பி வரும்போது பிள்ளைக்குத் தெரியாமல் நழுவ வேண்டாம். போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லுங்கள், நாட்காட்டியில் காட்டுங்கள், அந்த நாளில் வாருங்கள். முதல் மூன்று மாதம் எடை, தூக்கம், தோல் மூன்றையும் குறித்து வையுங்கள். எடை தொடர்ந்து குறைந்தால் விளக்கம் கேட்டு ஓய வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள், தேவையானால் வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

காசும் காணியும்

“காணியை எழுதித் தந்தால் சாகும்வரை பார்ப்போம்” என்ற வாக்குறுதியை, உறவினர் சொன்னாலும் இல்லம் சொன்னாலும், அப்படியே ஏற்க வேண்டாம். எழுதியபின் உங்கள் கையில் பிடி இல்லை. காணி வேறொருவருக்குப் போவதானால், பிள்ளைக்குச் சீவிய உரித்து வைத்து எழுத முடியுமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவச ஆலோசனை தரும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் பெற்றோர் என்ற காரணத்தால் மட்டும் அதன் சொத்தில் கையொப்பமிட இயலாது. தேவையானால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கச் செய்ய வேண்டும். இல்லத்துக்குப் போனபின் கொடுப்பனவுப் பணத்தை யார் எடுப்பார், எதற்குச் செலவாகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

தீங்கு நடந்ததாகச் சந்தேகித்தால்

திடீர் பயம், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் ஒளிதல், உள்ளாடையில் இரத்தம், விளக்கமில்லாத கண்டல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும்:

1. குளிப்பாட்டவோ உடுப்பைத் தோய்க்கவோ வேண்டாம்.
2. அன்றே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லிப் பரிசோதிக்கக் கேளுங்கள்.
3. 18 வயதுக்குக் கீழே என்றால் 1929. யாராயினும் பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பணியகம். பொலிசார் எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு, 1996.
4. பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். அது தானாகக் காட்டியதை, அதே சொல்லில், அதே சைகையில் எழுதி வையுங்கள்.

“வெளியில் தெரிந்தால் குடும்ப மானம்” என்று மூடி மறைத்தால், அதே கை அடுத்த பிள்ளையைத் தொடும்.

ஊரில் செய்யக்கூடியது

சாம்பல்தீவிலும் அடுத்துள்ள ஊர்களிலும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால், கிழமையில் மூன்று நாளாவது இயங்கும் பகல் நிலையத்துக்கு ஒரு மண்டபத்தைக் கேட்கலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவுக்கும் பிரதேச சபைக்கும் ஒரே கடிதம், எல்லாத் தாய்மாரின் கையொப்பத்தோடும், பிள்ளைகளின் வயதும் தேவையும் எழுதிய பட்டியலோடும் போகட்டும். தனித்தனியே போய்க் கேட்டால் உதவித்தொகைப் படிவமே கையில் கிடைக்கும். சேர்ந்து கேட்டால் அது ஊரின் தேவையாகப் பதிவாகும். பக்கத்துத் தெருவில் இன்னொரு தாய் இதே கேள்வியோடு இருக்கிறார். இந்தக் கிழமை அவர் வீட்டுப் படலையைத் தட்டுங்கள்.